மழை இல்லம்மா, கடல்

ராத்திரி பதினொரு மணி இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன், சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "மழை வருதாடா? மாடியில துணி கிடக்குது" என்றார். நான் எழுந்துபோய்ச் சொல்வதற்குள் படியேறிவிட்டார். மேலே போய்ப் பார்த்தால் வானத்தில் ஒரு மேகம் இல்லை. திரும்பி வந்து என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அந்த உறுமல் ஏறிக்கொண்டே இருந்தது. "அப்ப இது என்ன?" என்று கேட்டார். "மழை இல்லம்மா, கடல்" என்றேன். கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் இருபது நிமிடம் போல இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அது ஜான் லூதர் ஆடம்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் 'பிகம் ஓஷன்'. 42 நிமிடம், நடுவில் இடைவெளியே கிடையாது. இதோடு 'பிகம் ரிவர்', 'பிகம் டெஸர்ட்' என்ற இன்னும் இரண்டு ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளையும் சேர்த்து 'தி பிகம் ட்ரிலஜி' என்ற பெயரில் கேன்டலூப் மியூசிக் நிறுவனம் 2020இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. வாசித்தது சியாட்டில் சிம்பனி, கண்டக்டர் லுடோவிக் மார்லோ. ஒரு வருஷத்துக்கும் மேலாக வேறு எதையும் இவ்வளவு தடவை நான் கேட்டதில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஜான் ஆடம்ஸ் என்று இன்னொருவர் இருக்கிறார். 1947இல் பிறந்தவர், நிக்சனின் சீனப் பயணத்தை ஓபராவாக்கியவர், அவரும் அமெரிக்கர், அவரும் புலிட்சர் வாங்கியவர். தேடினால் பெரும்பாலும் அவர்தான் முதலில் வருவார். நடுவில் 'லூதர்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாமே அதில் இருக்கிறது. 'பிகம்' என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது, ஆதல். ஆறாதல், கடலாதல், பாலையாதல். ஏவலாகவும் எடுத்துக்கொள்ளலாம்: கடலாகு. கடலைப் பற்றிய இசை என்று அவர் சொல்லவில்லை, 'கடற்காட்சி' என்றும் பெயர் வைக்கவில்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'லா மேர்' (கடல்) 1905இல் வந்தது, அற்புதமான இசை, எனக்கு உயிர். ஆனால் அதைக் கேட்கும்போது நான் கரையில் நிற்பேன். விடியலிலிருந்து மதியம்வரை தண்ணீரில் வெளிச்சம் மாறுவதைப் பார்ப்பேன், காற்றும் அலையும் மாறி மாறிப் பேசுவதைக் கேட்பேன். ஆடம்ஸின் கடலில் நிற்பதற்குக் கரையே இல்லை. பார்ப்பவனுக்கு அவர் இடமே வைக்கவில்லை என்பது புரிய எனக்குப் பல நாள் ஆனது.

முதல் தடவை ஆறாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மெட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன், அது வரவில்லை. ஒரு வயலின் தனியாக எழுந்து எதையாவது சொல்லும், ஒரு குழல் பதில் கொடுக்கும் என்று எதிர்பார்த்த காது என்னுடையது. நாம் வளர்ந்த இசையும் அப்படித்தானே, ராக ஆலாபனை எவ்வளவு நிதானமாகப் போனாலும் முதல் பிடியிலேயே ராகத்தின் முகம் தெரிந்துவிடும், அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தபடியே கூடப் போகலாம். இங்கே முகமே இல்லை. இரண்டாவது தடவையும் அதே கதைதான். மூன்றாவது தடவை காய்ச்சலில் படுத்திருந்தேன், ஹெட்போனில் போட்டுவிட்டேன், எழுந்து நிறுத்தத் தெம்பில்லை. அதனால் முழுதாகக் கேட்டேன். அன்றைக்குத்தான் காத்திருப்பது தானாக நின்றுபோனது.

தொடக்கம் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. பியானோவின் கீழ்க்கோடியில் சுரங்கள் சிற்றலை மாதிரி மேலேறி இறங்குகின்றன, அடியில் டபுள் பேஸும் பெரிய முரசும் வாசிக்கிறார்களா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிய உறுமல். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் முன்பு அடியில் ஒரு அசைவு தெரியுமே, அது மாதிரி. அப்புறம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே ஸ்டிரிங்ஸ், அதாவது வயலின், செல்லோ மாதிரித் தந்தி வாத்தியங்கள், வந்து நிறைந்திருக்கும். எந்த நொடியில் வந்தது என்று கண்டுபிடிக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் கவனிக்கும்போது அது ஏற்கெனவே வந்துவிட்டிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டபோதுதான் இந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது. ஆர்க்கெஸ்ட்ராவை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி உட்கார வைத்திருக்கிறார். ஸ்டிரிங்ஸ் ஒன்று, குழல் வாத்தியங்கள் ஒன்று, டிரம்பெட், டிராம்போன், டியூபா எல்லாம் சேர்ந்த பிராஸ் ஒன்று. இடையிடையே ஹார்ப்புகளும் தாளக்கருவிகளும். ஒவ்வொரு குழுவும் தன் அலையைத் தானே எழுப்பித் தானே அடக்குகிறது: மெதுவாக ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, மெதுவாக இறங்கி, மௌனமாகி, மறுபடியும் ஏறும். மூன்றின் அலைநீளமும் வெவ்வேறு. ஆகவே ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கும், மூன்றாவது நடுவில் எங்கேயோ இருக்கும். இது ஓயாமல் மாறுகிறது. 

தாளக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மூன்று பேர் மூன்று வெவ்வேறு ஆவர்த்தனத்தில் போகிறார்கள், எப்போதாவது ஒருமுறை மூவரும் ஒரே சமத்தில் வந்து விழுகிறார்கள். மிருதங்கக்காரர் கோர்வை வைக்கும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமத்துக்குக் காத்திருப்போமே, அதே கணக்குதான். அங்கே நொடிக் கணக்கில் நடப்பது இங்கே நிமிடக் கணக்கில் நடக்கிறது, யாரும் விரல் எண்ண முடியாத வேகத்தில், அதாவது அவ்வளவு மெதுவாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். நிமிடங்களைக் கீழே குறித்துக்கொண்டு மூன்று குழுக்களுக்கும் தனித்தனிக் கோடு, ஏறும்போது மேலே, இறங்கும்போது கீழே. முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே பிராஸ் எது ஸ்டிரிங்ஸ் எது என்று பிரித்து வரைய முடியாமல் கை நின்றது, ஏனென்றால் டிராம்போன்கள் இறங்கும்போது அதே இடத்தில் செல்லோக்கள் ஏறுகின்றன, ஒன்றின் நிறம் மற்றதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மூன்று கோடுகளும் ஒன்றாக உச்சிக்குப் போகும் இடத்தில் சந்தேகமே வரவில்லை. படைப்பு முழுவதிலும் அப்படி மூன்றே இடங்கள். அதில் நடுவில் வருவதுதான் பெரிது, 21ஆவது நிமிடத்தை ஒட்டி.

அந்த நடு அலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது திடீரென்று வருவதில்லை. வருகிறது, வருகிறது என்று ரொம்ப நேரம் முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அடியில் முரசு உருள ஆரம்பிக்கும், குழல்கள் மேலே தெரியும், பிராஸ் ஒரு சுவர் மாதிரி எழும்பும், இதற்குமேல் இடமில்லை என்று தோன்றும்போதும் இன்னும் கொஞ்சம் ஏறும். அதில் கோபம் இல்லை. பயமுறுத்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. சுருதிகள் எல்லாம் காதுக்கு இணக்கமானவை, அபசுரமாக எதுவும் கிடையாது. ஆனால் என்னைவிட அது மிகப் பெரியது, நான் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. அழகாகவும் இருக்கிறது, அடிவயிறும் கலங்குகிறது. வேறு எந்த இசையிலும் எனக்கு இந்த இரண்டும் ஒரே நொடியில் நடந்ததில்லை. அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த இடத்தில்தான்.

அதற்கப்புறம் நடப்பது இன்னும் விசித்திரம். நடுவைத் தாண்டியதும் இசை வந்த வழியே திரும்பிப் போகிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் மாலைமாற்றுப் பாட்டு நம்மிடம் உண்டே, அதே வேலை, 42 நிமிடத்துக்கு. கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, நானும் கண்டுபிடிக்கவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் தெரியாமலே அது வேலை செய்கிறது. கடைசியில் பியானோவின் அந்த அடி உறுமல் மட்டும் மிஞ்சும்போது எங்கேயும் போகாமல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்த உணர்வு இருக்கிறதே, அது அந்தக் கணக்கினால் வருவது.

சரி, யார் இவர்? 1953இல் மிசிசிப்பி மாநிலத்தில் மெரிடியன் என்ற ஊரில் பிறந்தவர். பையனாக இருந்தபோது ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தார். ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் ஆல்பம் உறையில் எட்கார் வரேஸ் என்ற பெயரைப் பார்த்து, யார் இது என்று தேடிப் போனதில் நவீன இசைக்குள் விழுந்தார். கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரியில் இசையமைப்பாளர் ஜேம்ஸ் டென்னியிடம் படித்தார். டென்னி மேற்சுரங்களிலேயே வாழ்ந்தவர். தம்பூராவின் ஒரு தந்தியை மீட்டினால் அதற்குள்ளிருந்து இன்னும் பல சுரங்கள் கசியுமே, அதுதான் மேற்சுரம். ஆடம்ஸின் இசையில் ஒரே இடத்தில் நின்றபடி நிறம் மாறிக்கொண்டே போகும் அந்தக் குணம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். படிப்பு முடிந்ததும் ஜார்ஜியாவின் கிராமப்புறத்தில் இருந்துகொண்டு காட்டுப் பறவைகள் பாடுவதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்களிடம் படித்தாயிற்று, இனிப் பறவைகளிடம் படிப்போம் என்று போன ஆளை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

1970களில் அலாஸ்கா போனார். போனது இசைக்காக மட்டும் இல்லை. அலாஸ்காவின் காடுகளையும் பனிநிலங்களையும் காப்பாற்றும் சட்டத்துக்கான இயக்கம் அப்போது நடந்துகொண்டிருந்தது, அதில் வேலை செய்தார். 1980இல் அந்தச் சட்டம் நிறைவேறியது, 10 கோடி ஏக்கருக்கும் மேல் நிலம் பாதுகாப்புக்குள் வந்தது. அப்புறம் ஃபேர்பேங்க்ஸில் ஒரு சூழலியல் அமைப்புக்கு நிர்வாக இயக்குநராக இருந்தார், அங்கே இருந்த சிம்பனியில் டிம்பனி என்ற பெரிய முரசு வாசித்தார், குழாய்த் தண்ணீர் இல்லாத மரக்குடிலில் வருஷக்கணக்கில் காட்டுக்குள் குடியிருந்தார். ஒரு கட்டத்தில் இயக்க வேலையை விட்டுவிட்டு இசை மட்டும் போதும் என்று முடிவு செய்தார். அந்த வேலையைச் செய்ய இன்னொருவர் வருவார், தன் மனதில் கேட்கும் இசையை எழுத இன்னொருவர் வர முடியாது என்பது அவருடைய வாதம். இப்படிச் சொல்வது சிலருக்குத் தப்பிப்பது போலத் தோன்றலாம். கடலைக் கேட்ட பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அலாஸ்காவில் அவர் செய்த இன்னொரு வேலையையும் சொல்லியே ஆக வேண்டும், ஆல்பத்தில் இல்லாவிட்டாலும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபேர்பேங்க்ஸ் அருங்காட்சியகத்தில் 2006இலிருந்து ஒரு அறை இருக்கிறது. 'தி பிளேஸ் வேர் யூ கோ டு லிசன்' என்று பெயர், கேட்கப் போகும் இடம். அங்கே வாத்தியக்காரர் யாரும் இல்லை. சூரியன் எங்கே இருக்கிறது, நிலவு எந்த நிலையில், வடதுருவ ஒளி எழும்பியிருக்கிறதா, பூமிக்கடியில் எங்கே அதிர்கிறது என்ற தகவல்கள் நேரடியாக வந்து ஒலியாகவும் வெளிச்சமாகவும் மாறிக்கொண்டிருக்கும். நில அதிர்வு முரசாகும். யாரும் உள்ளே இல்லாதபோதும் அது பாடிக்கொண்டுதான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் போய்க் கடலைக் கேட்டால், அதில் ஏன் தனி வயலின் எழுந்து பேசவில்லை என்ற கேள்வியே எழாது.

'பிகம் ஓஷன்' என்ற பெயரை அவர் எடுத்தது ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரிடமிருந்து. கேஜ், லூ ஹாரிசன் என்ற இசையமைப்பாளரைப் பாராட்டிக் கவிதை ஒன்று எழுதினார். ஹாரிசனின் இசை கழிமுகத்தில் பல கிளையாகப் பிரியும் ஆறு மாதிரி என்றும், அதைக் கேட்கும்போது நாம் கடலாகிறோம் என்றும் அதில் வருகிறது. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட ஆடம்ஸ் அதன் மேல் இன்னொரு பொருளையும் ஏற்றி வைத்தார். உயிர் தோன்றியது கடலில். துருவத்துப் பனி உருகி நீர்மட்டம் உயர்ந்தால் நாம் உவமையாக இல்லாமல் நிஜமாகவே கடலாகிவிடுவோம், இதைப் படைப்பின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அலாஸ்காவில் இருந்து, குளிர்காலம் மாறுவதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். ஆனால் பாருங்கள், இசையில் எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. அவர் நம்மைத் திட்டவே இல்லை. நீர் ஏறுகிறது, அவ்வளவுதான்.

2013 ஜூனில் சியாட்டிலின் பெனரோயா ஹாலில் முதல் அரங்கேற்றம். 2014இல் இசைக்கான புலிட்சர் பரிசு, அதே வருஷம் ஒலிப்பதிவு வெளியானது, 2015இல் கிராமி. அந்த 2015இலேயே டெய்லர் ஸ்விஃப்ட் இந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு சியாட்டில் சிம்பனிக்கு 50,000 டாலர் அனுப்பினார். சமகால ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குப் பெரிய கூட்டம் கிடையாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, லட்சக்கணக்கானவர்கள் கேட்கும் பாடகி ஒருவர் மெட்டே இல்லாத 42 நிமிடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பரிசுகளைவிடப் பிடித்தது.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. மூன்றில் 'பிகம் ரிவர்' தான் சிறியது, கால் மணி நேரம் போல, சிறிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியது. தாளக்கருவிக் கலைஞரும் கண்டக்டருமான ஸ்டீவன் ஷிக்குடன் பேசிக்கொண்டிருந்ததில் பிறந்த யோசனை, கடல் எழுதுகிறீர்களே, ஆற்றையும் எழுதலாமே என்று. 2014இல் செயின்ட் பால் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா முதலில் வாசித்தது. செயின்ட் பால் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருக்கும் ஊர், ஆடம்ஸ் பிறந்தது அதே ஆற்றின் பெயரைக் கொண்ட மாநிலம். இசை உச்சியில் மினுங்கும் மணியொலியில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே கீழே இறங்கி அடியில் போய்ச் சேர்கிறது. ஊற்றிலிருந்து கழிமுகம்வரை ஒரே சரிவு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கே போகிறது என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. கடலில் இருக்கும் அந்தத் திக்குத் தெரியாத நிலை இதில் இல்லை. நான் இதைத் தனியாகப் போட்டுக் கேட்பது குறைவு.

'பிகம் டெஸர்ட்' வேறு விஷயம். 2018 மார்ச்சில் அதே சியாட்டிலில் அரங்கேறியது, கிட்டத்தட்டக் கடல் அளவுக்கே நீளம். அதற்குள் ஆடம்ஸ் அலாஸ்காவை விட்டு வெளியேறி மெக்ஸிகோ, சிலி பக்கத்துப் பாலைநிலங்களில் தங்கி எழுத ஆரம்பித்திருந்தார். இதில் மூன்று குழு இல்லை, ஐந்து. மேடையில் மட்டும் உட்காராமல் கேட்பவர்களைச் சுற்றிலும் வைக்கப்பட்டவை. அதில் ஒரு குழு பாடகர்கள். அவர்களுக்கு மொத்தமே ஒரே சொல்தான், 'லூஸ்'. ஸ்பானிய மொழியில் ஒளி. மெக்ஸிகோ கவிஞர் ஒக்டாவியோ பாஸின் ஒரு வரியை முகப்பில் வைத்திருக்கிறார், கண்ணை மூடு, ஒளி பாடுவதைக் கேள் என்று பொருள்படும் வரி. கடல் அடியிலிருந்து எழும்பியது. பாலை மேலேயிருந்து இறங்குகிறது. மெல்லிய மணிகள், ரொம்ப உயரத்தில் வயலின்கள், இடையில் நிறைய வெற்றிடம். முதல் பத்து நிமிடத்தில் ஒலியைவிட ஒலிகளுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் அதிகம் கேட்கிறது. அப்புறம் வெயில் ஏறுவது போல ஏறுகிறது, குரல்கள் எங்கே வாத்தியமாகின்றன என்று தெரியாமல் கலந்துவிடுகின்றன, உச்சிவேளைக்குப் பின் மெல்ல வடிந்து தொடங்கிய இடத்துக்கே வருகிறது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்ற பழைய வரி மனதில் ஓடும். நமக்குப் பாலை தனி நிலமாக இருந்ததில்லை. அது மற்ற நிலங்களுக்கு நேர்வது. 'பிகம் டெஸர்ட்' என்ற இரண்டு சொல்லை இதைவிடச் சரியாக யாரும் பெயர்க்க முடியாது. ஆடம்ஸும் தன் குறிப்பில் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்: இயற்கை தந்த பாலையைக் கொண்டாடுவதும் நாம் உண்டாக்கும் பாலைக்காக அழுவதும் இரண்டும் இதில் உண்டு என்கிறார். கேட்கும்போது எது கொண்டாட்டம் எது அழுகை என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த உயரத்து மணிகள் தலைக்குள் ஊசி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார். அதுவும் சரிதான், அந்த வெளிச்சம் கண்ணைக் கூசவைப்பதுதான்.

"இதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு நான் அனுப்பியிருந்தேன், போன் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். போன் ஸ்பீக்கரில் பேஸ் டிரம்மும் டபுள் பேஸும் கிடையாது, ஆகவே அவர் கேட்டதில் பாதிக் கடல் இல்லை. ஆனால் அவர் சொன்னதை அப்படித் தள்ளிவிடவும் முடியாது. நல்ல ஸ்பீக்கரில் கேட்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், தியான வகுப்பில் பின்னணிக்குப் போடும் சங்கதி, படத்தில் ஆகாயத்திலிருந்து கடலைக் காட்டும்போது வருவது என்று. எனக்கு வித்தியாசம் தெரியும் இடம் ஒன்றுதான். அந்த மாதிரிப் பின்னணி இசை நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருக்கக் கவனமாக இருக்கும். ஆடம்ஸின் கடலைப் பின்னணியில் போட்டுவிட்டு வேறு வேலை செய்து பாருங்கள், 21ஆவது நிமிடத்தில் கை வேலையை விட்டுவிடும். அதோடு, ஒன்றும் நடக்காத இசைக்குள் மூன்று கடிகாரங்கள் 42 நிமிடம் ஒரு நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருக்காது.

சியாட்டில் சிம்பனியின் வாசிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. இந்த இசையில் யாருக்கும் புகழ் கிடைக்காது. தனி ஆவர்த்தனம் கிடையாது, கைதட்டலுக்கான இடம் கிடையாது, ஒரே வகை ஏற்ற இறக்கத்தை நிமிடக்கணக்கில் இழுத்து வாசிக்க வேண்டும், ஊதுகிறவர்கள் மூச்சு எடுக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது. ஒரு டிராம்போன் தன் உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டாலும் அலை உடைந்துவிடும். மார்லோ அதை எங்கேயும் அவசரப்படுத்தவில்லை. உச்சிகளில்கூட சத்தம் கெட்டிப்படவில்லை, உள்ளே ஹார்ப்பின் விரல்கள் தனியாகக் கேட்கின்றன. முதன்முதலாக எழுதி வாங்கி வாசித்த குழு என்பதால் வந்த உரிமை அதில் தெரிகிறது.

நீங்கள் கேட்பதாக இருந்தால் கடலிலிருந்து தொடங்குங்கள். ஆறு, கடல், பாலை என்று வரிசையாகப் போக வேண்டாம், ஆற்றிலேயே சலித்துப்போக வாய்ப்பிருக்கிறது. ஹெட்போன் என்றால் காதை முழுதாக மூடும் வகை, ஸ்பீக்கர் என்றால் அடிச்சுரம் கொடுக்கக்கூடியது. 2014இல் வந்த கடல் ஆல்பத்தோடு 5.1 சரவுண்ட் டிவிடியும் உண்டு, அதைப் போட வசதி இருந்தால் மூன்று குழுக்களையும் தனித்தனித் திசையில் கேட்கலாம். முதல் ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றிவிடாதீர்கள், ஏழெட்டு நிமிடத்திற்குள் முதல் பேரலை வந்துவிடும், அப்போது ஓடிப்போய்க் குறைக்க வேண்டியிருக்கும். கேட்கும்படியாக ஒரு அளவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். விளக்கை அணையுங்கள். மாடியில் துணி காய்ந்தால் முன்னாடியே எடுத்து வைத்துவிடுங்கள், அல்லது வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.